ரெட்டிபாளையம் என்பது ஒரு படிமமா?

1

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. 2006-இல் கீழப்பழுவூர் டீக்கடையில் தையல்காரர் மாயவன் என்னிடம் புலம்பியதுதான் இந்தக் கதை. டீ வாங்கிக் கொடுத்தது நான். ஆகவே கதையும் என்னுடையது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மாலைச் சூரியன் சுண்ணாம்புப் பாறைகளின் மேல் பொன்னை...' வேண்டாம். மாயவன் குனிந்தபடி காஜா எடுப்பவர், சூரியனைப் பார்த்ததே இல்லை.

2

மாயவன் கல்யாண வாழ்த்துமடல் எழுதுவார். எங்கள் பக்கத்து வழக்கம், மடலின் அடியில் அச்சடிக்கக் காசு கொடுத்தவர் பெயர்தான் வரும், எழுதியவர் பெயர் வராது. பந்தி முடிந்ததும் சிலர் அதில் வெற்றிலை மடிப்பார்கள். அதிலும் அவருக்கு வருத்தமில்லை.

அவர் பக்கத்து வீட்டுப் பிரவீணாவைப் பெரம்பலூரில் கட்டிக்கொடுத்தபோது, அவள் அண்ணன் அறிவரசன் கேட்டு எழுதி வாங்கினான். அதில் எங்கள் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஊரை வைத்து ஒரு வரி: 'ரெட்டிபாளையம் சிமெண்டாய் இறுகுக உம் உறவு.' அடியில்: அன்பு அண்ணன் அறிவரசன்.

3

அந்த மடலைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவள், அரியலூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சுகன்யா. திருட்டைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

"பெரியப்பா, உங்க மடலு இன்டர்நெட்ல இருக்கு. கனடாக்காரர் ஒருத்தர் தன் கவிதைன்னு போட்டுருக்காரு."

"சிமெண்டு?"

"அதுவும் அப்படியே."

கீழே பின்னூட்டம் குவிந்திருந்தது. ஒருவர் கேட்டிருந்தார்: 'ரெட்டிபாளையம் என்பது தொன்மப் படிமமா?' கவிஞரின் பதில்: 'அது என் ஆழ்மனதில் உள்ள ஊர்.'

"ஆழ்மனசா? இங்கேர்ந்து மினிபஸ் போவுதும்மா!" என்றார் மாயவன்.

(கனடாக்காரருக்குத் துயரமான பால்யம் ஒன்று கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொழுப்பெடுத்தவனுக்கு அது எதற்கு?)

4

ஒரு தடவையாவது தான் எழுதியதன் கீழ் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதுதான் மாயவனுக்கு ஆசை வந்தது. 'இதை எழுதியது நான்' என்று சுகன்யாவை விட்டுப் பின்னூட்டம் போட்டார். கனடா ஒரே சொல்லில் பதில் சொன்னது: 'ஆதாரம்?'

மாயவன் அறிவரசனைப் பிடித்தார். "நான் எழுதுனதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லேன்டா."

"சொல்லிருவேன் சித்தப்பா. ஆனா பிரவீணா காதுக்குப் போயிருமே. ரெண்டு வருசம் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல அது. 'எங்கண்ணனா இப்புடி எழுதுச்சு'ன்னு அந்த மடலப் பாத்துத்தான் வாயத் தொறந்துச்சு. மாமியா வூட்டுல கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கு. இப்பப் போயி நான் எழுதலன்னா?"

"அப்ப நான் யாருடா?"

"நீங்க சித்தப்பா, சித்தப்பா."

5

முடிவு அ: மாயவன் பெரம்பலூர் போய்ப் பிரவீணாவிடம் உண்மையைச் சொல்கிறார். அவள் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி... (இதற்கு மேல் எழுதவில்லை. பெண்பிள்ளை அழுதால் எனக்குக் கை ஓடாது.)

முடிவு ஆ: மாயவன் இன்னொரு பின்னூட்டம் போடுகிறார்: 'மேற்படி கவிதையை எழுதியது அறிவரசன். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இப்படிக்குச் சாட்சி, மாயவன், தையல்காரர், கீழப்பழுவூர்.' பெயர் திரையில் வந்ததும், "பெருசாத் தெரியிற மாதிரி பண்ணும்மா" என்று கேட்டு ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பிடிக்காவிட்டால் நீங்களே ஒன்று எழுதி, உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள்.

கற்பூரம் அணைந்துவிட்டது, இனிச் சொல்லலாம்: பிரவீணாவுக்கு இன்னும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.