எம்.ஏ. உள்ள ஒருவர் தேவை

ஏசுதாசனிடம் ஒரு பெட்டி நிறைய விசிட்டிங் கார்டு இருந்தது. பாளையங்கோட்டையில் அடித்தது. பெயருக்குப் பின்னால் எம்.ஏ., தொல்லியல் என்றும், அதற்குப் பின்னால் சற்றுச் சின்ன எழுத்தில் ஃபெயில் என்றும் போட்டிருக்கும். ஊரில் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பரீட்சை வரைக்கும் போனவன், போகாதவனைவிட ஒரு படி மேல். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படிப் போட்டுக்கொண்டார்கள். மெல்போர்னில் இறங்கிய பிறகுதான், தோற்றதை இங்கே யாரும் அச்சடித்து நீட்டுவதில்லை என்று தெரிந்தது. கார்டுகள் அலமாரிக்குள் போயின. அவன் மல்கிரேவ் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டுக்குப் போனான்.

1976 மார்ச்சில், மோர்மன் என்ற அமெரிக்கச் சபையின் ஊழியக்காரர்கள் இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். அமெரிக்கப் பையன்கள். மீசை சரியாக முளைக்கவில்லை, ஒருவரையொருவர் மூப்பர் என்று அழைத்துக்கொண்டார்கள். எருசலேமிலிருந்து ஒரு குடும்பம் கப்பலேறி அமெரிக்கா போய்ப் பட்டணங்கள் கட்டிய கதை தங்கள் வேதத்தில் இருக்கிறது என்றார்கள். ஏசுதாசனுக்குச் சபை மாறும் எண்ணம் இல்லை. அந்தப் பட்டணங்களை யாராவது தோண்டிப் பார்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டான். அது சபையின் வேலை அல்ல, தனியாட்கள் சிலர் தேடுகிறார்கள் என்று சொல்லி டாட்ஸ் என்பவரின் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஏசுதாசன் விலாசத்தைத் தேடிப் போனான். டாட்ஸ் ஓய்வுபெற்ற டிராம் இன்ஸ்பெக்டர். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பட்டணங்களைத் தேடுகிறார், தன் வீட்டு முன்னறையிலிருந்தே. அவருக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர். மெக்சிகோவுக்கு இரண்டு முறை சுற்றுலா போனதுதான் அவருடைய தகுதி. இன்னொருவர் வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானி. மேலிருந்து பார்த்தால் எது மேடு, எது கோட்டை என்று தனக்குத் தெரியும் என்பார். டாட்ஸிடம் தகுதி என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. பல்கலைக்கழகங்கள் அவருக்கு எழுதிய பதில்களை ஒரு கோப்பில் வைத்திருந்தார். முப்பதுக்கு மேல் இருக்கும். தங்கள் கல்வித் தகுதியைத் தெரிவிக்கவும் என்பதைத்தான் ஒவ்வொன்றும் வேறு வேறு மரியாதையோடு கேட்டிருந்தது.

ஏசுதாசன் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடத்தில் அவன் இல்லை. படிக்கும்போது காவிரிக் கரையில் இரண்டு கோடைக்காலம் அகழாய்வுக் குழிக்குள் உட்கார்ந்தவன். முழங்கால் மண்ணில் பதிய, கரண்டியால் அங்குலம் அங்குலமாகச் சுரண்டி இறங்கும்போது நேரம் போவதே தெரியாது. பிறகு பரீட்சையில் ஒரு தாளில் போயிற்று. கோபத்தில் மறுபடி எழுதவில்லை. குழியும் அத்தோடு போயிற்று. பகலில் படுத்துக் கண்ணை மூடினால், இப்போதும் அந்த ஈர மண்ணின் வாசனைதான் வந்தது.

ஆகஸ்டில் டாட்ஸுக்கு ஒரு கடிதம் வந்தது. தெற்கு மெக்சிகோவில் அகழாய்வு செய்யும் ஒரு பல்கலைக்கழகக் குழு, வெளியாட்கள் நான்கு பேருக்கு ஆறு வாரம் ஒரு குழி தரச் சம்மதித்திருந்தது. நால்வரில் ஒருவர் தொல்லியலில் எம்.ஏ. தேறியிருக்க வேண்டும். சான்றிதழ் நகல் அனுப்ப வேண்டும். டாட்ஸ் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துக் காட்டினார். நான்காவது ஆள் நீதான் என்றார். ஏசுதாசன் அவருக்குக் கார்டு எதுவும் கொடுத்திருக்கவில்லை. எம்.ஏ. என்று வாயால் சொல்லியிருந்தான், அவ்வளவுதான். படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தான்.

அடுத்த நாள் பகல் அவன் தூங்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து மனோரமாவின் தகரப்பெட்டியை இழுத்தான். அவன் மனைவி அவனோடு அதே வகுப்பில் படித்தவள். முதல் வகுப்பில் தேறியவள். இங்கே ஆஸ்பத்திரி லாண்டரியில் படுக்கைவிரிப்பு மடிக்கிறாள். சான்றிதழ் அடியில், பட்டுச்சேலைக்குக் கீழே இருந்தது. அவள் பெயர் இருந்த வரியின்மேல், தன் பெயர் எழுதிய ஒரு வெள்ளைத்தாள் துண்டை வைத்துப் பார்த்தான். நகல் எடுத்தால் தெரியாது என்றுதான் தோன்றியது.

"கோணலா இருக்கு," என்றாள் மனோரமா.

வேலை விட்டு வந்து கதவோரம் நின்றிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவன் எழுந்திருக்கவும் இல்லை, தாளை எடுக்கவும் இல்லை. விஷயத்தைச் சொன்னான். மறைக்க ஒன்றுமில்லாததால் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கட்டிலில் உட்கார்ந்து படிவத்தை முதல் வரியிலிருந்து வாசித்தாள்.

"என்கிட்ட கேக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"நீ சம்மதிக்கமாட்டேன்னு நெனச்சேன்."

"சர்ட்டிபிகேட்டக் கேக்குததச் சொல்லல. நீ போறியான்னு என்னையக் கேக்குததச் சொல்லுதேன். இங்க வந்த நாலு வருசத்துல இந்தப் பெட்டிய நான் எத்தன தடவ தெறந்து பாத்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. அவள் திறந்தபோதெல்லாம் அவன் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதத் தொடங்கினாள். இனிஷியலோடு நிறுத்தினாள். நான்கு இடம்தான், மற்ற மூன்றும் போய்விட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது போலிருந்தது.

"அப்ப உங்களுக்கு இடம் கெடையாதே."

எழுது என்றான். பெருந்தன்மை ஒன்றுமில்லை. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாட்ஸ் வீட்டில் மனோரமா ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். மண்ணில் என்ன வருகிறதோ அதைத்தான் எழுதுவேன். அந்தப் பட்டணம் இல்லையென்றால் இல்லையென்றே எழுதிக் கையெழுத்துப் போடுவேன் என்றாள். பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். டாட்ஸ் ஆறிப்போன தேநீரை வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார். பிறகு சம்மதித்தார். நீ பொய் எழுதாதவள் என்று தெரிந்தால்தான், கிடைத்தது என்று நீ எழுதும் நாளில் அவர்கள் நம்புவார்கள் என்றார். கிடைக்காமல் போகலாம் என்பது அவருடைய கணக்கிலேயே இல்லை. ஏசுதாசனுக்கு அந்த மனிதர்மேல் பொறாமையாக இருந்தது.

அனுமதி அக்டோபரில் வந்தது. ஜனவரியில் ஒரு வெயில் நாளில் அவன் அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனான். டாட்ஸ் கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு, கூட்டாளிகள் இருவரோடு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறவரைப்போல நின்றார். வரிசை நகர ஆரம்பித்தது. அப்போதுதான் அவன் பேச ஆரம்பித்தான். குழியின் ஓரத்தை நேராக வெட்டு, காலையில் முதலில் குழிச்சுவரைப் பார், கூலியாட்களை அவசரப்படுத்தாதே என்று அடுக்கிக்கொண்டே போனான். அவள் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"மண்ணு நெறம் மாறிச்சுன்னா கரண்டிய வச்சிரணும். ஒரு அங்குலங்கூட எறங்கக் கூடாது."

"தெரியும்," என்றாள் மனோரமா. "நான் பாஸ் பண்ணுனவ."

சொல்லிவிட்டு அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு டாட்ஸின் பின்னால் உள்ளே போனாள்.

அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றான். இன்னும் ஒன்று சொல்ல விட்டுப்போயிருந்தது. பொழுது சாயும்போது வெளிச்சம் சரிந்து விழும். அப்போதுதான் மண்ணடுக்குகள் தனித்தனியாகத் தெரியும். அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஷிப்டுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. விமானம் கிளம்பும்வரை நிற்கலாம் என்று நின்றான்.