ஈரப் பலகை

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில் ஜவாஹிர் ஹாஜியாருக்கு ஒரு படகுப் பட்டறை இருக்கிறது. பைபர் படகுகள் கட்டுகிற இடம். அல்பிரட் அங்கே இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். டிசம்பரில் ஹாஜியார் நெஞ்சில் ஒப்பரேஷனுக்காகக் கொழும்புக்குப் புறப்பட்டபோது, பட்டறைச் சாவிகளை அல்பிரட்டின் கையில் வைத்து, "இது உங்களிட்ட அமானிதம்" என்று மட்டும் சொன்னார். நம்பி ஒப்படைத்த பொருள் என்று அர்த்தம். அல்பிரட் மெதடிஸ்தர். அவருடைய கோயிலில் உக்கிராணக்காரன் என்று ஒரு பழைய வேதச் சொல் உண்டு. பொருள் எஜமானுடையது, கணக்கு ஒப்புவிப்பது வேலைக்காரன். இரண்டு சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் கிண்ணியாவிலிருந்து ஒரு படகு திருத்தத்துக்கு வந்தது. வேறெங்கோ கட்டியது. மூன்று வயதுகூட ஆகவில்லை, ஆனால் எஞ்சின் பூட்டுகிற பின்பக்கம் ஆடுகிறது என்றார்கள். பைபர் படகின் பின்பக்கத்துக்குள்ளே ஒரு தடித்த பலகை இருக்கும். இருபுறமும் பைபரால் மூடிவிடுவதால் வெளியே தெரியாது. எஞ்சின் அந்தப் பலகையை நம்பித்தான் தொங்குகிறது. அல்பிரட் மேல்தோலை வெட்டிக் கையை உள்ளே விட்டார். பலகை இருக்க வேண்டிய இடத்தில், ஊறிப்போன தேயிலைச் சக்கை மாதிரிக் கறுப்பாக ஏதோ பிடிபட்டது. பிழிய, தண்ணீர் வந்தது.

"ஈரத்தோட வச்சு மூடியிரிக்கானுகள்," என்றான் கூட வேலை செய்கிற ஸாஜித். "நல்லகாலம். நடுக்கடல்ல பிச்சுக்கிட்டுப் போயிருந்தா எஞ்சினும் இல்ல, ஆளும் இல்ல."

அல்பிரட் எழுந்து போய்க் கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, ஜனவரியில் விடாத மழை. இலங்கைத்துறையைச் சேர்ந்த பிரதீபன் என்கிற மீனவனுக்கு ஒரு படகு முடிக்க வேண்டியிருந்தது. கொட்டகைக் கூரை ஒழுகி, அதற்கென்று வைத்திருந்த பலகை நனைந்துவிட்டது. அல்பிரட் துணியால் துடைத்து, அரைகுறை வெயிலில் ஒரு பகல் வைத்துப் பார்த்தார். உள்ளங்கையை வைத்தபோது குளிர்ந்தது. இன்னும் ஒரு கிழமையாவது காய வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது. ஆனால் ஹாஜியார் இல்லாமல் முடிகிற முதல் படகு அது. சொன்ன திகதி தவறவில்லை என்று கொழும்புக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. "இவ்வளவு காய்ஞ்சது காணும், மூடுவம்" என்று தானே சொல்லி, தானே றெசின் பசை பூசி மூடினார். திகதி தவறவில்லை. ஹாஜியாரும் கட்டிலில் கிடந்தபடி மெச்சினார்.

பட்டறையை விட்டுப் போகிற ஒவ்வொரு படகின் முன்முனையான அணியத்திலும் கையை வைத்து, அதில் போகிறவர்களுக்காக ஒரு நிமிடம் செபிப்பது அல்பிரட்டின் வழக்கம். பிரதீபனின் படகுக்கும் செபித்தார். பிரதீபன் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றான். இப்போது அந்தச் செபத்தை நினைக்கத்தான் அவருக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் வீட்டில் குடும்பச் செபம். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் என்பதால் அவரும் மனைவி றீற்றாவும் மட்டும். அல்பிரட்டின் முறை. "பரலோகத்தில இருக்கிற எங்கட பிதாவே" என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். றீற்றா கண்ணைத் திறந்தாள்.

"என்னப்பா?"

அவர் சொன்னார். பலகையை, மழையை, தன் ஆசையை, எல்லாவற்றையும்.

றீற்றா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தாள். "இப்ப ஒண்டும் நடக்கேல்லத்தானே? இலவசமாச் சேவை செய்து தாறம் எண்டு கூப்பிடுங்கோவன். கூப்பிட்டு, பேசாமல் பலகையை மாத்திக் குடுத்தாச் சரி. அவையளுக்கும் நல்லது, ஹாஜியாற்ர பேருக்கும் நல்லது."

"நானும் அதைத்தான் யோசிச்சனான், றீற்றா. வரேக்க வழியெல்லாம் அதைத்தான் யோசிச்சனான்."

"பிறகென்ன?"

"ஒருக்கா மூடி மறைச்சிட்டன். அதை மறைக்க இன்னொருக்கா மூட வேணும். பிறகு எந்தப் போட்டில கையை வச்சு நான் செபிக்கிறது?"

றீற்றா முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்தாள். "அப்ப ஹாஜியாரிட்ட முதல் சொல்லுங்கோ. அது அவற்ர பட்டறை" என்றாள்.

அல்பிரட்டுக்கு அதுதான் கடினமாக இருந்தது. ஒப்பரேஷன் முடிந்த மனிதர். கொழும்புக்கு அழைத்தபோது தொலைபேசியை எடுத்தது ஹாஜியாரின் மகள் ஷிஃபானா. "அங்கிள், வாப்பாட்ட வேலைக் கதை மட்டும் கதைக்காதீங்க. டொக்டர் வேணாம் எண்டிரிக்கார்" என்றாள். அல்பிரட் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் ஹாஜியாரே எடுத்தார்.

"நீங்க சுகம் விசாரிக்கிற குரல் எனக்குத் தெரியும் அல்பிரட். இது அது இல்ல. சொல்லுங்க."

அல்பிரட் எல்லாவற்றையும் சொன்னார்.

"எத்தின போட் இப்பிடி?"

"அது ஒண்டுதான் ஹாஜியார்."

"சத்தியமா?"

"ஓம்."

"சொல்லாம மாத்திக் குடுக்க ஏலாதா? கரையெல்லாம் கதை பரவும். இருபத்தஞ்சு வரிசமாக் கட்டின பேர்."

"ஏன் கூப்பிடுறீங்கள் எண்டு அந்தப் பொடியன் கேட்டா, நான் என்னத்தைச் சொல்ல?"

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று அல்பிரட் பார்த்தார். பிறகு ஹாஜியார் சோர்ந்த குரலில் சொன்னார்: "சொல்லுங்க. ஆனா போன்ல வேணாம். நேர போய்ச் சொல்லுங்க. நம்மட பட்டறைப் போட்டை அவனுக்குக் குடுங்க, வேலை முடியிற வரைக்கும் தொழிலுக்குப் போகட்டும்." சலாம் சொல்லாமலே வைத்துவிட்டார்.

விடிவதற்கு முன்பே அல்பிரட் மோட்டார்சைக்கிளில் புறப்பட்டார். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. மூதூர் தாண்டித் தெற்கே வயல்களும் பற்றைகளுமாக நீண்ட வழி. இலங்கைத்துறைக்குப் போய்ச் சேர ஏழரை ஆகிவிட்டது. பிரதீபன் கடலிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

அவன் மனைவி சுதர்ஷிகா அவரை அடையாளம் கண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். "அண்ணா! வாங்கோ, வாங்கோ. தூரத்தில இருந்து வந்திருக்கிறியள்." கதிரையைத் துடைத்துப் போட்டாள். பால் தேத்தண்ணி கொண்டுவந்தாள். "உங்கட போட் வந்த பிறகுதான் நான் பயமில்லாமல் இருக்கிறன் அண்ணா. முந்தின மரத் தோணியில அவர் போனா, திரும்பி வரும்வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. இப்ப சமைச்சு, சாப்பிட்டு, பிள்ளையளையும் பள்ளிக்கு அனுப்பிப்போட்டு இருக்கிறன்."

அல்பிரட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, இதைக் குடிக்க முந்தி ஒண்டு சொல்ல வேணும்."

அவர் சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனது. எழுந்து வாசலில் நின்று கடலைப் பார்த்தாள்.

"இண்டைக்கு உடைஞ்சிடுமா?"

"இல்லை. இப்ப பலமாத்தான் இருக்கும். உக்கிறதுக்கு ஒரு வருசம், ரெண்டு வருசம் செல்லும். ஆனா நிச்சயமா உக்கும்."

"அப்ப நீங்கள் சொல்லாட்டி…" அவள் கடலைப் பார்த்தபடியே நின்றாள். அல்பிரட்டும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். இருவரும் ஒரே புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மரத் தோணிக் காலத்தில் அவள் ஒவ்வொரு நாளும் எப்படிக் காத்திருந்தாள் என்று அந்த அரை மணித்தியாலத்தில் அவருக்கு விளங்கியது. படகு தெரிந்ததும் அவள் விட்ட மூச்சு அவருக்கும் கேட்டது.

பிரதீபன் சந்தோஷமாகத்தான் கரையேறினான். நல்ல பாரை மீன் பட்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் கையிலிருந்த கயிற்றை மணலில் எறிந்தான்.

"உங்கட கையை நம்பித்தானே அண்ணை வந்தனான்! மற்ற இடத்தில கெதியா முடிச்சுத் தாறம் எண்டவங்கள். இல்லை, அல்பிரட் அண்ணையின்ர வேலை எண்டு சொல்லித்தானே வந்தனான்! ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கிறன். என்ர பிள்ளையளைக்கூட இதில ஏத்திக்கொண்டு போனனான்!"

கரையில் ஆட்கள் கூடினார்கள். அல்பிரட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மழையைச் சாட்டவில்லை. கூரையைச் சாட்டவில்லை.

"பலகை ஈரம் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மூடினனான். பிழை என்ரது."

பிரதீபன் பின்பக்கத்தை முட்டியால் குத்திப் பார்த்தான். திண்ணென்றுதான் சத்தம் வந்தது. அதுவே அவனுடைய கோபத்தைக் கூட்டியது போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஒரு வள்ளத்தின் விளிம்பில் இருந்தான். பட்டறைப் படகை நாளைக்கே கொண்டுவந்து விடுவதாக அல்பிரட் அவன் முதுகைப் பார்த்துச் சொன்னார். கூட்டத்தில் இரண்டு பேர், அடுத்த மாதத்துக்குத் தாங்கள் சொல்லிவைத்த படகுகள் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

அல்பிரட் மோட்டார்சைக்கிளை உதைக்கப் போனபோது சுதர்ஷிகா பின்னால் வந்தாள். தேத்தண்ணியைச் சூடாக்கிக் கொண்டுவந்திருந்தாள். "இவ்வளவு தூரம் வெறும் வயித்தோட போகாதேங்கோ," என்றாள். அவர் நின்றபடியே குடித்தார்.

சனிக்கிழமை பட்டறைப் படகு இலங்கைத்துறைக்குப் போய், பிரதீபனின் படகு திருகோணமலைக்கு வந்தது. தம்பியைத் தொழிலுக்கு அனுப்பிவிட்டு, பிரதீபன் தன் படகோடு தானே வந்தான். இனி யாரையும் நம்ப அவன் தயாராக இல்லை. அல்பிரட்டும் ஸாஜித்தும் மேல்தோலை வெட்டினார்கள். மரத்தூள் உதிரவில்லை, களி மாதிரி அரியும் வாளில் ஒட்டியது. ஒரு மூலையில் கைப்பிடி அகலத்துக்குக் கறுப்பு ஏறியிருந்தது. பிரதீபன் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வைத்த கையை எடுக்கவே இல்லை.

புதுப் பலகையை அல்பிரட் வெயிலில் வைத்தார். தினமும் காலையில் ஒருமுறை அதைத் தராசில் தூக்கி நிறுத்து, சுவரில் சுண்ணாம்பால் எழுதினார். நிறை குறைந்துகொண்டே வந்தது. ஆறாம் நாளும் ஏழாம் நாளும் ஒரே நிறை. "இப்ப காய்ஞ்சிட்டுது" என்றார். பிரதீபன் உப்புவெளியில் தங்கையின் வீட்டில் தங்கி பஸ்ஸில் வந்து போனான். முதல் மூன்று நாளும் ஓரத்தில் இருந்து பார்த்தான். நாலாம் நாள் மண்கடதாசியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினான். யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை. எட்டாம் நாள் மத்தியானம் தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து, பொரித்த மீனில் பாதியை அல்பிரட்டின் பக்கம் தள்ளினான்.

பலகை மூடிய மறுநாள் ஹாஜியார் கொழும்பிலிருந்து வந்துவிட்டார். ஆட்டோவை நேரே பட்டறைக்கு விடச் சொல்லியிருக்கிறார். மெலிந்து, சேர்ட் தோளில் தொங்க, ஷிஃபானாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அல்பிரட் கதிரை கொண்டுவந்து போட்டார். என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு நாள் உங்களோட கோவம்," என்றார் ஹாஜியார். "ரெண்டு ஓடர் போயிட்டு எண்டு கேள்விப்பட்டன். மகளிட்ட எரிஞ்சு விழுந்தன். பிரஷர் ஏறிப்போச்சு."

"மன்னிக்க வேணும் ஹாஜியார்."

"பொறுங்க. மூணாம் நாள் கண்ணாடியில இந்தத் தையலப் பார்த்தன்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "டொக்டர் திறந்து, வேலை செஞ்சு, மூடிட்டார். உள்ளுக்க என்ன வச்சார் எண்டு எனக்குத் தெரியுமா? அவருக்குத் தெரியும், படைச்சவனுக்குத் தெரியும். அவர் அவசரத்தில ஈரப் பலகைய வச்சு மூடியிருந்தா?" சிரிக்கப் போய், நெஞ்சு நோக, கையால் அழுத்திக்கொண்டார். ஷிஃபானா "வாப்பா!" என்று அதட்டினாள். அல்பிரட்டுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"பேர் போனாப் போகட்டும்," என்றார் ஹாஜியார். "முதல்ல அந்தக் கூரைய அடைங்க."

படகு தண்ணீரில் இறங்கிய அன்று, அல்பிரட் வழக்கம்போல் முன்னே போகவில்லை. தூரத்தில் நின்றார். பிரதீபன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன அண்ணை, செபிக்கேல்லையோ? நான் வேற சாமி கும்பிடுறவன்தான், ஆனா அது இல்லாமல் கொண்டுபோக மாட்டன்."

அல்பிரட் வந்து அணியத்தில் கையை வைத்தார். கண்ணை மூடினார். கை வழமையை விட நெடுநேரம் அங்கேயே இருந்தது.

வேண்டாம் என்று போன இரண்டு ஓடர்களில் ஒன்றும் திரும்பி வரவில்லை. அந்த வருடம் பட்டறைக்கு வேலை குறைவுதான். ஆனால் ஏப்ரலில் ஒருநாள் சுதர்ஷிகா தொலைபேசியில் எடுத்தாள். "அண்ணா, இங்க நாலைஞ்சு பேர் தங்கட போட்டுகளையும் ஒருக்கா வந்து பார்ப்பியளோ எண்டு கேக்கினம். உங்கட பட்டறையில கட்டினது இல்லை. பின்பலகை நல்லா இருக்கோ, உக்கிப் போச்சோ எண்டு பார்த்துச் சொல்லவாம். நீங்கள் எண்டா உள்ளதைச் சொல்லுவியளாம்."

சனிக்கிழமை காலையில் அவர் சுத்தியலைப் பையில் போடும்போது றீற்றாவும் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நீ எங்க?"

"நானும் வாறன். அந்தப் பிள்ளை சுதர்ஷிகாவைப் பார்க்க வேணும்." சற்றுத் தயங்கி, "பேசாமல் மாத்திக் குடுங்கோ எண்டு அண்டைக்கு நான் சொன்னது எனக்கு இன்னும் மனசுக்குள்ள கிடக்கு" என்றாள்.

"ஹாஜியாரிட்டச் சொல்லுங்கோ எண்டும் நீதானே சொன்னனீ," என்றார் அல்பிரட். "ஏறு."

அவள் பின்னால் ஏறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். காற்று நல்ல குளிராக இருந்தது. கிண்ணியாப் பாலத்தில் அவர் வேகத்தைக் குறைத்தார். கீழே படகுகள் வரிசையாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன.