தூக்கிப் போட்டுடுங்க

கம்ப்யூட்டர் செத்துக்கொண்டிருந்தது. ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. ரொம்ப நாகரிகமாக, 'டக்... டக்...' என்று மட்டும்.

அதன் எதிரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவளுக்குத் தெருவில் எம்ப்ராய்டரி அக்கா என்று பெயர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மூலையில் கம்ப்யூட்டர். அதிலிருந்து ஒரு ஒயர். ஒயரின் மறுமுனையில் ஆள் உயரத்துக்கு ஓர் எம்ப்ராய்டரி மெஷின். சுவரோரமாக வெள்ளைக் கோட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. புதிதாகத் திறக்கப்போகும் ஆஸ்பத்திரியின் டாக்டர்களுக்கானவை. ஒவ்வொரு கோட்டின் மார்பிலும் ஆஸ்பத்திரி முத்திரை, அதன் கீழே டாக்டரின் பெயர். அரக்கு நிற நூலில்.

சாயந்திரம் ஆஸ்பத்திரி மேனேஜர் வண்டியோடு வந்து வாங்கிக்கொள்வார். மறுநாள் காலையில் திறப்பு விழா.

அதுவரை அக்காவுக்கு வந்ததெல்லாம் தலையணை உறை, கர்ச்சீப், பக்கத்துத் தெரு விளையாட்டு டீமின் பனியன். இதுதான் முதல் பெரிய ஆர்டர். ஆர்டரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது மேனேஜர் சொன்னது வேறு காதிலேயே நின்றது.

"இது சரியா வந்தா நர்ஸ், வார்டு ஸ்டாஃப் எல்லாருக்கும் உங்ககிட்டதாம்மா. வரலேன்னா தப்பா எடுத்துக்காதீங்க, பெரிய கடைக்கே போயிடுவோம்."

பாதிக் கோட்டுகளுக்குப் பெயர் அடித்தாகிவிட்டது. மீதிக்கு உட்கார்ந்தபோதுதான் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாள். அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

போனை எடுத்தாள். "டேய், கிளம்பி வா."

வந்தவன் அவள் தம்பி. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன். எல்லோருக்கும் அவன் 'ரீஸ்டார்ட்'. யார் என்ன கோளாறு சொன்னாலும் அவன் வாயில் முதலில் வருவது அதுதான். காய்ச்சல் என்று சொன்ன ஒருவரிடமே வாய் தவறிச் சொல்லியிருக்கிறான்.

"ரீஸ்டார்ட் பண்ணியாக்கா?"

"பண்ணேன்."

"இன்னொரு தடவை?"

"உன்னை ஒரு தடவை பண்ணட்டுமா?"

அவன் சிரித்துக்கொண்டே பெட்டியில் காதை வைத்தான். சிரிப்பு நின்றது.

"ஹார்ட் டிஸ்க் போகப்போகுதுக்கா. உள்ளே தட்டு சுத்துது, முள்ளு தடுமாறுது. இன்னிக்கோ நாளைக்கோ."

"இன்னிக்குன்னு சொல்லாதடா!"

"பயப்படாதே. கையிலயே புது மாதிரி டிஸ்க், எஸ்எஸ்டி, கொண்டு வந்திருக்கேன்." பையிலிருந்து பிஸ்கட் அளவில் ஒன்றை எடுத்தான். "இதுல சுத்துற தட்டே கிடையாது. சத்தம் இல்லை, தடுமாற்றம் இல்லை. புதுசா எல்லாத்தையும் ஏத்திடலாம்."

"எம்ப்ராய்டரி புரோகிராம்?"

"அதையும்தான். சிடி எங்கே?"

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். சிடியும் இல்லை, அதை விற்ற கம்பெனியும் இல்லை. அவர்கள் கடையை மூடிக் காலம் ஆகிவிட்டது. அந்தப் புரோகிராம் உயிரோடிருந்த ஒரே இடம், இப்போது டக் டக் என்று முனகிக்கொண்டிருந்த அந்தத் தட்டுதான்.

ரீஸ்டார்ட் தாடையைச் சொறிந்தான். "அப்போ குளோனிங்தான். விண்டோஸ், புரோகிராம், படம், குப்பை எல்லாத்தையும் அப்படியே தூக்கிப் புதுசுக்குக் கொண்டு போயிடணும்."

"அப்படியேன்னா?"

"வீடு மாறுறேன்னு வெச்சுக்கோ. இங்கே காலண்டர் கோணலா தொங்குதுன்னா, அங்கேயும் அதே ஆணியில, அதே கோணல்ல தொங்கும். உள்ளே இருக்கிறவங்களுக்கு வீடு மாறினதே தெரியாது."

ஒயர்களை மாட்டி வேலையை ஆரம்பித்துவைத்தான். திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது.

இந்த இடத்தில் அக்காவின் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்கூல் வேன் ஓட்டுபவர். வீட்டுக்குள் நுழைந்தால் கை சும்மா இருக்காது. பெருக்குவார், துடைப்பார், அடுக்குவார். கீழே வைத்த டம்ளர் மறுநிமிஷம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். சில சமயம் குடிப்பதற்கு முன்பே. அதனால் குடும்பத்தில் அவருக்குப் புயல் என்று பெயர். அன்றைக்குப் பள்ளி விடுமுறை. அதாவது புயல் காலையிலிருந்து வீட்டிலேயே மையம் கொண்டிருந்தது.

பச்சைக் கோடு ஊர்ந்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ரீஸ்டார்ட் பழைய டிஸ்க்கைக் கழற்றி மேஜையில் வைத்தான். எஸ்எஸ்டியை மாட்டி, பட்டனைத் தட்டினான்.

அக்கா கொட்டாவிக்கு வாயைத் திறந்தாள். மூடுவதற்குள் திரை வந்துவிட்டது. அதே படம், அதே ஐகான்கள், அதே இடம்.

"என்னடா இது, கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ளே!"

"தம்பி யாரு?" காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "பழசை மட்டும் பத்திரமா எடுத்து வை. கொஞ்ச நாளைக்கு அது கையில இருக்கணும். கை கழுவி ஒரு வாய் சாப்பிட்டுட்டு வரேன்."

ஆஸ்பத்திரி முத்திரை மெஷினின் ஞாபகத்திலேயே இருந்ததால், கம்ப்யூட்டர் படுத்த பிறகும் அக்கா முத்திரையை மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அடுத்த கோட்டை மாட்டி மெஷினை ஓட விட்டாள். கடகடகடவென்று அறையே அதிர்ந்தது. கோட்டைப் பிடித்தபடியே குரல் கொடுத்தாள்.

"ஏங்க! அந்தப் பழசை அலமாரியில தூக்கிப் போட்டுடுங்க!"

பழைய அட்டைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்த புயல் நிமிர்ந்தார். அவர் காதுக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்: 'அந்தப் பழசை... கடகடகட... தூக்கிப் போட்டுடுங்க.'

கல்யாணமானதிலிருந்து அவர் காது கேட்கத் துடித்த வார்த்தை. மறுபேச்சு உண்டா?

ரீஸ்டார்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எம்ப்ராய்டரி புரோகிராமைத் திறந்தான். திறந்தது. கூடவே நடுத்திரையில் ஒரு சிவப்புப் பெட்டியும் வந்தது. படித்தான். இன்னொரு தடவை படித்தான்.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"அக்கா, வீடு மாறினதை இது கண்டுபிடிச்சிடுச்சு."

"புரியற மாதிரி சொல்லு."

"ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஃபேக்டரியிலேயே ஒரு நம்பர் போட்டுடுவாங்க. அது மட்டும் குளோன்ல வராது. இந்தப் புரோகிராம் பழைய நம்பரைத் தேடுது. லைசென்ஸைப் பழைய டிஸ்க்ல விடுவிச்சு, அது தர்ற கோட் நம்பரை இங்கே அடிச்சாத்தான் வேலை செய்வேங்குது."

"அவ்வளவுதானே? பழசைத் திரும்ப மாட்டு."

"அதான். மாட்டி ஒரே ஒரு தடவை ஓட விட்டாப் போதும்." மேஜையைப் பார்த்தான். மேஜை பளிச்சென்று இருந்தது. ஈரத்துணியால் துடைத்த அடையாளம்கூடக் காயவில்லை. "பழசு எங்கேக்கா?"

வாசலில் புயல் கைகளைத் தட்டியபடி உள்ளே வந்தார். முகத்தில் பரம திருப்தி.

"ஏங்க, அந்த டிஸ்க்?"

"போட்டாச்சு."

"எங்கே?"

"பழைய இரும்புக் கடையில."

மெஷின் கடைசித் தையலைப் போட்டு நின்றது. அந்த நிசப்தத்தில் ரீஸ்டார்ட் விக்கியது தெளிவாகக் கேட்டது.

"அலமாரியில போடச் சொன்னேன்!"

"தூக்கிப் போடச் சொன்னே!"

"தூக்கி, போடச் சொன்னேன். தூக்கி எறியவா சொன்னேன்?"

"தூக்கிப் போடுன்னா வேற என்னம்மா அர்த்தம்? மச்சான், நீயே சொல்லு."

"மாமா, அர்த்தத்தை அப்புறம் பார்க்கலாம். வண்டிச் சாவி எங்கே?"

ஸ்கூட்டரில் புயல், பின்னால் அக்கா. ரீஸ்டார்ட் சைக்கிளில் துரத்தினான். தெருமுனையில் திரும்பும்போது அக்கா கணவரின் தோளைப் பிடித்த பிடியில் கோபமும் பயமும் சரிபாதி இருந்தன. மேனேஜரின் முகம் கண்முன் வந்து வந்து போனது.

"ஆர்டர் போச்சுன்னா நான் திரும்பவும் கர்ச்சீப்தாங்க."

"போகாது."

"எப்படிச் சொல்றீங்க?"

"வேகமா ஓட்டுறேன்ல?"

இரும்புக் கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டபடி ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு கூடை. புயல் கூடையைப் பார்த்தார்.

கூடை நிறைய ஹார்ட் டிஸ்க்குகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம்.

"ஏதோ ஆபீஸ்ல மொத்தமா ஒழிச்சாங்க" என்றார் கடைக்காரர். "உள்ளே காந்தம் இருக்கும். பிரிச்சு எடுக்கிறேன். என்ன வேணும்?"

"இப்போ நான் கொடுத்தேனே, அது திரும்ப வேணும்."

"இதுல எதுங்க உங்களுது?"

நல்ல கேள்வி. ரீஸ்டார்ட் மூச்சு வாங்கியபடி வந்து கூடைமுன் மண்டியிட்டான். "மாடல் நம்பர் ஞாபகம் இருக்காக்கா?"

"எனக்கு உன் போன் நம்பரே ஞாபகம் இல்லை."

ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எல்லாம் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு. புயலும் பக்கத்தில் குந்தினார். ஒன்றை எடுத்தார், முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார், வைத்தார். அடுத்தது. வைத்தார்.

"என்னங்க பார்க்கிறீங்க?"

"தூசி."

"இப்பவுமா!"

"இதெல்லாம் சாம்பல் தூசிம்மா. ஆபீஸ் தூசி. நம்ம வீட்டுத் தூசி அரக்குக் கலர். நாள் பூரா பெருக்குறவனுக்குத் தெரியாதா? ஃபேன் இறக்கையில அரக்கு, கட்டிலுக்கு அடியில அரக்கு. நேத்து என் தயிர்சாதத்துலகூட அரக்கு."

கூடை காலியாகிக்கொண்டே வந்தது. சாம்பல், சாம்பல், சாம்பல். அடி தெரிந்தது. அரக்கு இல்லை.

மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. கடைக்காரரின் தொடைமேல் ஒரு டிஸ்க் இருந்தது. ஸ்க்ரூக்கள் பாதி கழன்று கிடந்தன. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மூடியின் இடுக்கில் கொடுத்து, நெம்புவதற்குத் தோளைச் சாய்த்திருந்தார். ஒயர் சொருகும் துளையின் ஓரத்தில், மூக்குப்பொடி அளவுக்கு, அரக்கு நிற நூல் பிசிறு.

"நிறுத்துங்க!" மூன்று குரல்.

கடைக்காரர் ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தார். ரீஸ்டார்ட் பாய்ந்து டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டான். மூடியை விரலால் தடவினான்.

"திறக்கலை. மாமா, இன்னும் ஒரு நெம்பு நெம்பியிருந்தா அவ்வளவுதான்!"

"ஒரு இரும்புத்துண்டுக்கா இந்தப் பாடு?" என்று கடைக்காரர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எடுத்துட்டுப் போங்க சாமி. இனிமே எதையாவது போடுறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

"கேட்டுத்தாங்க போட்டேன்" என்றார் புயல் பரிதாபமாக.

திரும்ப முன்னறை. கழன்ற ஸ்க்ரூக்களை மாட்டி, டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் பொருத்தினான் ரீஸ்டார்ட். பட்டனைத் தட்டினான்.

டக். டக். டக். பிறகு ஒன்றுமில்லை.

"டேய்..." என்றாள் அக்கா ஈனஸ்வரத்தில். "ரீஸ்டார்ட் பண்ணுடா."

முதல் முறையாக அவனிடமே ஒருவர் அதைச் சொன்னார். பண்ணினான்.

டக். டக். விர்ர்ர். திரையில் வட்டம் வந்தது. சுற்றியது. காலையில் திட்டித் தீர்த்த அதே வட்டத்தை இப்போது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். புயலின் கை தானாகவே ஒரு துணியைத் தேடியது. அக்கா அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். மேஜைப் பக்கம் ஓர் அசைவுகூடக் கூடாது.

படம் வந்தது. ஐகான்கள் ஒவ்வொன்றாக, நொண்டி நொண்டி வந்தன. ரீஸ்டார்ட் புரோகிராமைத் திறந்தான். மெனுவுக்குள் மெனு. லைசென்ஸ். விடுவி.

எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான கோட் நம்பர் திரையில் விரிந்தது.

"மாமா, போட்டோ!"

புயல் போனைத் தூக்கி அமுக்கினார். டக் என்று ஒரு சத்தம். போட்டோ எடுத்த சத்தமில்லை. டிஸ்க். திரை கறுத்தது. அதற்கப்புறம் அந்த டிஸ்க்கிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

எஸ்எஸ்டி மாட்டப்பட்டது. சிவப்புப் பெட்டி வந்தது. புயல் போனைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ரீஸ்டார்ட் அடித்தான்.

தவறான கோட் நம்பர்.

"இந்த வட்டம் பூஜ்யமா, ஓ-வா மாமா?"

"வட்டம்னுதான் தெரியுது மச்சான்."

"இதுலயே இன்னும் நாலஞ்சு வட்டம் இருக்கே! தப்பா அடிச்சுக்கிட்டே இருந்தா மொத்தமா பூட்டிக்குமே!"

அக்கா போனைப் பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். நாள் முழுக்க எழுத்தை நூலில் வரைகிறவள். ஒல்லியான வட்டத்துக்கும் தொப்பை வைத்த வட்டத்துக்கும் எத்தனை தையல் வித்தியாசம் என்று அவள் விரலுக்குத் தெரியும்.

"இது ஒல்லி, பூஜ்யம். இது குண்டு, ஓ. இதுவும் குண்டு. இது ஒல்லி. கடைசி ரெண்டும் குண்டு. அடி."

அடித்தான். என்டரைத் தட்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணைத் திறடா" என்றாள் அக்கா. சிவப்புப் பெட்டி போயிருந்தது.

அதற்குப் பிறகு பேச நேரமில்லை. பெயரை அடித்தால் திரையில் தயார், ஒயர் வழியே மெஷினுக்குத் தயார், கடகடகட. ரீஸ்டார்ட் கோட்டை மாட்டினான், அக்கா ஓட்டினாள், புயல் பிசிறு வெட்டி மடித்து அடுக்கினார். அன்றைக்குத்தான் அவர் வேகத்துக்கு வீட்டில் வேலை கிடைத்தது.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோது கடைசிக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜர் உள்ளே வந்தார். மேலாக இருந்த ஒன்றைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். தையலை நகத்தால் நீவினார். தலையை ஆட்டினார். பிறகு தயங்கினார்.

"ஒரு விஷயம்மா... தலைமை டாக்டர் கோட்டுல இனிஷியலை நாங்கதான் தப்பாக் கொடுத்துட்டோம். கோட்டு இன்னொண்ணு வண்டியில இருக்கு. சரியாப் போட்டுத் தர முடியுமா? எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்து வாங்கிட்டுப் போறேன்."

புயல் நாற்காலியைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"இனிஷியலைச் சொல்லுங்க சார்" என்றாள் அக்கா.

மேனேஜர் சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்காரப் போனார். அவர் உட்காருவதற்குள் புதுப் பெயர் திரையில் நின்றது.

"அந்தக் கோட்டை எடுத்துட்டு வந்துடுங்க சார்" என்றாள் அக்கா. "ஊசி காத்திருக்கு."