முழு ஓட்டம், முழுக் கட்டை

எங்கள் தெருத் தேர் நான்கு டன் எடை. ஒசாகாவுக்குத் தெற்கே எங்கள் ஊர்ப்பக்கம், செப்டம்பர் திருவிழாவில் தேரை ஓட்டமாய் இழுத்துத்தான் தெருமுனையில் திருப்புவோம். மெல்ல உருட்டிக்கொண்டு போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். போன வருஷம் முனையிலிருக்கும் டோஃபு கடைக் கூரையை இடித்துவிட்டோம். இந்த வருஷமும் இடித்தாலோ, முனையில் நின்றுபோனாலோ, இனி உங்கள் தேர் வெளியே வராது என்று விழாக் குழு கறாராகச் சொல்லிவிட்டது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை இனுகாய் எங்களுக்குத் தலைவரானார்.

வடம் இழுக்கும் பிள்ளைகளுக்கு மூத்தவன் ரியுஜி. அவன் போய், "வேகம் பத்தல தலைவரே. பெருசுங்க முன்னாடியே கட்டையைப் போட்டுக் கழுத்தறுக்குதுங்க" என்றான்.

"நீ சொல்றது சரி."

இருபது வருஷமாக முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவன் நான். நானும் போய், "வேகம் ஜாஸ்தி. பொடிப்பசங்க தறிகெட்டு ஓடுறானுங்க" என்றேன்.

"நீங்க சொல்றதும் சரிண்ணே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகெலும்பில்லாத மனுஷன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒத்திகையில் பாதி வேகம், பாதிக் கட்டை என்று ஒரு சமரசம் செய்தார். தேர் முனை நடுவே எருமை படுத்த மாதிரி நின்றுவிட்டது. பக்கத்துத் தெருக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவமானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள்தான் திருவிழா. காலையில் இனுகாய் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "தப்பு என்னோடது. ரெண்டு பேரும் சரின்னு சொல்லிட்டு, ரெண்டு பேரையும் பாதியாக்கிட்டேன். ரியுஜி, நீ உசுரைக் கொடுத்து ஓடு. அண்ணே, நீங்க உள்பக்கச் சக்கரத்துல முழுக் கட்டையும் போடுங்க. அது நிக்கணும், தேர் ஓடணும். அப்பத்தான் திரும்பும்."

இது எனக்குத் தெரியாததா? ரியுஜி மேலிருந்த கடுப்பில் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

"இவர் பயந்து முன்னாடியே போட்டுடுவார்" என்றான் அவன்.

"நீ வேகத்தைக் குறைக்க மாட்டேன்னு யார்றா நம்புறது?" என்றேன் நான்.

"யாரும் யாரையும் நம்ப வேணாம். எப்போன்னு நான் சொல்றேன்" என்றார் இனுகாய்.

சாயங்காலம் அந்த டோஃபு கடை முனையில் தேர் பாய்ந்து வந்தது. கட்டையைப் போடக் கை பரபரத்தது. இனுகாய் சைகை காட்டும் விசிறியை உயர்த்தியபடி அசையாமல் நின்றார். இன்னும் இல்லை, இன்னும் இல்லை.

"இப்போ!" என்று தெருவே அதிரக் கத்தினார்.

முழு எடையோடு கட்டையில் விழுந்தேன். பிள்ளைகள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. சக்கரம் புகைந்தது, தேரின் பின்பக்கம் சுழன்று, கூரைக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்தது. தெருவே கூத்தாடியது. ரியுஜிப் பயல் என்னை அலாக்காகத் தூக்கிவிட்டான். சந்தோஷத்தில் அவன் காதைத் திருகினேன்.

இனுகாய் மட்டும் விசிறியைப் பிடித்தபடி தெருவோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தலைவரே, பயந்துட்டீங்களா?"

"செத்தே போயிட்டேண்ணே."

"அப்புறம் எப்படி அந்தச் சத்தம் வந்துச்சு?"

"பயத்துலதான் வந்துச்சு."

இருபது வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். "எனக்கும்தான்யா. ஒவ்வொரு தடவையும்."