கலைவாணி வீட்டுப் பசுமைச் சுவர்

“பத்து வருஷமா என் தோட்டத்துல ஊத்துன தண்ணிய யாரக் கேட்டுட்டு நிறுத்துன?” என்று மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று ஞானமேரி கத்தினார்.

“என் தொட்டி, என் மோட்டாரு. உன்னக் கேட்டுட்டுதான் நிறுத்தணுமா?” என்றார் இந்தப் பக்கம் கலைவாணி.

எங்கள் தெருவில் அடுப்புகள் சிம்முக்குப் போயின. சண்டை பழையதுதான், தலைகீழாகியிருந்ததுதான் புதிது. வீடு கட்டியபோது கலைவாணி, தன் வாசல் நனையக்கூடாதென்று, மாடித் தொட்டி வழியும் குழாயைப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தின் மேல் திருப்பி வைத்தார். தோட்டமெல்லாம் சேறாகிறது என்று ஞானமேரி அன்று போடாத சத்தமில்லை. பலிக்காததால் சேற்றில் ஒரு வாழைக்கன்றையும் ரங்கூன் மல்லிக் கொடியையும் நட்டார். மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியல் பார்ப்பது கலைவாணியின் வழக்கமாதலால் இரண்டும் கொழுகொழுவென்று வளர்ந்தன. வாழைத்தார் வெட்டினால் தெருவுக்கே பங்கு வரும், கலைவாணி வீட்டுக்கு மட்டும் வராது. கொடிதான் பகை பார்க்காமல் மதிலேறி அவர் பக்கம் பூத்துத் தொங்கியது.

அப்போதுதான் நகர் நலச் சங்கம் ‘நீர்க் காவலர்’ விருதை அறிவித்தது. போன வருஷம் அதை வாங்கிய அடுத்த தெரு அமுதவல்லி, விருதுப் பலகையைக் கேட்டில் மாட்டி, கலைவாணியைக் கண்டால் அதைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இந்த முறையும் அவருக்கே போனால் கலைவாணி மார்க்கெட்டுக்குச் சுற்றுவழியில்தான் போகவேண்டும். ஆகவே கொடியின் முன்னால் நின்று படம் எடுத்து, பாத்திரம் கழுவிய தண்ணீரில் தானே வளர்த்த பசுமைச் சுவர் என்று சங்கத்துக்கு அனுப்பினார். வேர் யார் வீட்டில் என்று படமா சொல்லப்போகிறது? தொட்டி வழியும் வீட்டுக்கு விருதில்லை என்றார்கள். உடனே, நிரம்பினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியையும் மாட்டிவிட்டார். அந்த மதில் சண்டைக்குக் காரணம் இந்தக் கருவிதான்.

பங்குனி வெயிலில் பசுமைச் சுவர் பழுப்பானது. நடுவர்கள் வர ஒரு வாரம்தான் இருந்தது. ஞானமேரியிடம் சொல்லி வேருக்குத் தண்ணீர் விடலாமே என்று கணவர் கமலக்கண்ணன் பயந்துகொண்டே யோசனை சொன்னார். அவளிடம் போய் நிற்பதா என்று கலைவாணி ஒரு பார்வை பார்த்ததும் உள்ளே போய்விட்டார். கடைசியில் மகன் வெற்றிச்செல்வனுக்கு உத்தரவு வந்தது: விடிவதற்குள் கருவியைக் கழற்று, தொட்டியை வழியவிடு, திரும்ப மாட்டு. தண்ணீர்ச் சிக்கன விருதுக்காக எங்கள் தெருவில் தண்ணீர் அருவியாகக் கொட்டியது.

எவ்வளவு வழிந்தால் போதும் என்று மாடியிலிருந்து தெரியாது. கீழே நின்று சொன்னது ஞானமேரியின் மகள் லினெட். முதல் நாள், “போதும், நிறுத்துங்க” என்றாள். நடுவில் ஒரு நாள், “போதும், நிறுத்து.” வாரக் கடைசியில், “போதும்டா.” இதைக் கேட்பதற்காக நான் ஒன்றும் சீக்கிரம் எழுந்திருக்கவில்லை, என் வீட்டு ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நடுவர்கள் வந்தபோது சுவர் பச்சைப்பசேலென்று இருந்தது. “ஒரு சொட்டு வீணாக்க மாட்டோம் சார்” என்றார் கலைவாணி. அந்த நேரம் பார்த்து மதிலுக்கு மேல் ஞானமேரியின் தலை தெரிந்தது. தெருவில் மறுபடி அடுப்புகள் சிம்முக்குப் போயின.

“ஆமா சார், அவங்க தண்ணி வீணாவே போகாது. நான் சாட்சி” என்றார் ஞானமேரி, வாழைத்தாரைத் தடவிக்கொண்டே.

விருது கிடைத்தது. மறுநாளே அந்தக் கருவி ரிப்பேர் என்று கேள்வி. தொட்டி பழையபடி வழிகிறது. பலகையைக் கலைவாணி வெள்ளிக்கிழமைதோறும் ஹோஸ் பிடித்துக் கழுவுகிறார்.

வெற்றிச்செல்வனுக்கும் லினெட்டுக்கும் ஐப்பசியில் பதிவுத் திருமணம் நடந்தது. இரண்டு அம்மாக்களும் ஒரே போட்டோவில் எதிரெதிர் ஓரங்களில் நிற்கிறார்கள். பிள்ளைகள் கோரிமேட்டுப் பக்கம் மூன்றாவது மாடிக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே தண்ணீர் லாரியில்தான் வரும். ஒரு வாரம் தங்கப் போன மாமியாருக்குக் குளிக்க லினெட் ஒரே ஒரு வாளி வைத்தாளாம். அன்று சாயங்காலமே கலைவாணி பஸ்ஸில் வந்து இறங்கினார். காது மடலில் சோப்பு காய்ந்திருந்தது.