மூன்றாவது தளத்து விளிம்பு

நாத்தனாரின் போன் வந்தபோது அவள் தையல் கடையில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மைனாவைக் காணோம் என்று மட்டும் நாத்தனார் சொன்னாள். சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

மகளுக்கு ஏழு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. சொந்தமாகப் பேசுவது குறைவு. காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வாள். அதனால் எல்லோருக்கும் அவள் மைனா. பள்ளி விட்டு வந்தபின் அத்தைதான் பார்த்துக்கொள்வாள். அத்தைக்கு ஆட்டிசத்தில் நம்பிக்கை கிடையாது. எல்லாம் செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்பது அவள் கட்சி.

தெருமுனை திரும்பும்போதே கூட்டம் தெரிந்தது. வீட்டுக்கு எதிரே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் மூன்றாவது தளத்தில், கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்பருகே, மைனா காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். கீழே கலவை மெஷின் கடகடத்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். மேலே ஒரு கொத்தனார் அவளை நோக்கிப் போனார். அவர் ஓரடி வைத்தால் அவள் ஓரடி பின்னே நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டடிதான் தளம் இருந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட வாய் திறந்த அம்மா அடக்கிக்கொண்டாள். மைனா மிரண்டிருக்கும்போது நல்ல வார்த்தைகூட அவளுக்கு இன்னொரு இரைச்சல்தான் என்று அவள் போகும் பயிற்சி மையத்து டீச்சர் பலமுறை சொல்லியிருந்தார். நேரே மேஸ்திரியிடம் போனாள்.

"மெஷினை நிறுத்துங்கண்ணே. யாரும் கத்த வேணாம். மேல இருக்கற கொத்தனாரை அங்கேயே உக்காரச் சொல்லுங்க. அவளைப் பாக்கக்கூட வேணாம்."

சும்மா விட்டால் பிள்ளை விழுந்துவிடாதா என்று மேஸ்திரி கேட்டார். துரத்தினால்தான் விழுவாள் என்றாள். அவர் கையை உயர்த்தினார். மெஷின் நின்றது. கத்தல் அடங்கியது. கொத்தனார் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

பிடிமானம் இல்லாத படிகளில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். மகளிடமிருந்து ஐந்தாறு அடி தள்ளி, முகத்தைப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்தாள். மைனா கீழேயிருந்து கேட்டதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்துடுவே. விழுந்துடுவே."

ஒரே பாய்ச்சலில் பிடித்துவிடலாம் என்று உடம்பு துடித்தது. கை தவறினால்? இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு, தினமும் சொல்கிற தொனியில் மெதுவாகச் சொன்னாள்.

"முதல்ல உக்காரு. அப்புறம் வீடு."

மைனா நின்றபடியே இருந்தாள். திரும்பச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. மனசுக்குள் அறுபதுவரை எண்ணிவிட்டு, அதே வார்த்தைகளை அதே வரிசையில் இன்னொரு முறை சொன்னாள்.

"உக்காரு. வீடு," என்றது மைனாவின் குரல். உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, உட்கார்ந்தபடியே அங்குலம் அங்குலமாக அம்மா பக்கம் நகர்ந்து வந்தாள். தோள் உரசியதும்தான் அம்மா அவளை இழுத்து அணைத்தாள். அவளுக்குப் பிடித்த மாதிரி, எலும்பு நோகும்படி இறுக்கமாக.

வீட்டில் மைனா தூங்கியபின் நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றாள். மிக்ஸி போட்டதும் மைனா அலறியதையும், தான் ஓர் அறை விட்டதையும், திறந்திருந்த கதவு வழியே அவள் ஓடியதையும் மறைக்காமல் சொன்னாள்.

அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு அது வெறும் மிக்ஸி, அக்கா. அவளுக்குக் காதுக்குள்ளயே ஓடுது."

"இப்படின்னு எனக்குத் தெரியலையேம்மா."

"எத்தனை தடவை சொன்னேன். நீங்க காதுலயே போட்டுக்கல."

மறுநாளே அம்மா கடை முதலாளியிடம் பேசி, தினமும் மதியத்தோடு வேலை முடியும்படி மாற்றிக்கொண்டாள். அதன்பின் மைனாவை அத்தையிடம் தனியாக விடவில்லை. அத்தையும் சண்டைக்கு வரவில்லை. அடுத்த வாரம், கூப்பிடாமலே, பயிற்சி மையத்துக்குக் கிளம்பி நின்றாள்.

அங்கே டீச்சரிடம் அத்தை கேட்டது ஒன்றுதான்: நான் அடிச்சதை மறந்துடுவாளா? டீச்சர் பொய் சொல்லவில்லை. தெரியாது என்றார். ஆனால் இனி மிக்ஸி போடுமுன் அவளிடம் சொல்லலாம், அவள் வேறு அறைக்குப் போகும்வரை காத்திருக்கலாம் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மைனா ஜன்னலோரம், நடுவில் அம்மா, இந்தப் பக்கம் அத்தை. மைனா அத்தை பக்கம் திரும்பவில்லை. அத்தையும் கூப்பிடாமல், அவளாகத் திரும்பட்டும் என்று காத்திருந்தாள்.