மணிக்கயிற்றில் கட்டிய தூளிகள்

எங்கள் மலையூர் பாரிச்சாராவுக்கு முதுகுப்பை மாட்டிக்கொண்டு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் பேருந்தைவிட்டு இறங்கியதும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். தெருவில் தூசி இல்லாததற்கு அந்த மூச்சுதான் காரணம். ஆயுசு முழுக்க அவர்களைப் பேருந்தில் கொண்டுவந்து கொட்டி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், நம்பலாம். கல் பாவிய தெரு, வெள்ளைச் சுவர், ஸ்பானியர் காலத்து ஓடு, சத்தமே இல்லாத மத்தியானம். இரண்டு நாள் தங்க வந்தவன் தாடி தொப்புளைத் தொடுகிறவரை படுத்துக் கிடப்பான்.

படுக்க இடம் கொடுத்தவன் பக்கத்து வீட்டு அப்தோன். முற்றத்துத் தூண்களில் வரிசையாக, ஆள் படுக்கிற தூளிகளைக் கட்டி விடுதி தொடங்கினான். ஆக்கிப் போடுவது, துவைப்பது, வயிறு கெட்ட பிள்ளைகளுக்குக் கஷாயம் கொடுப்பது எல்லாம் அவன் மனைவி உபால்தினா. அவள் சுட்ட மஞ்சள் சோள அடையைத் தின்ற டென்மார்க்குக்காரன் ஒருவன், உடனே தன் தாயைத் தொலைபேசியில் அழைத்து, இத்தனை நாள் சாப்பிட்டதெல்லாம் சாப்பாடே இல்லை என்று சண்டை போட்டான்.

விடுதிக்கு ஒரே எதிரி கோவில் மணி. விடியற்காலை அது அடித்தால் கோழி, போட இருந்த முட்டையைக்கூட உள்ளே இழுத்துக்கொள்ளும். தங்கிப் போனவர்கள் இணையத்தில் எழுதினார்கள்: சொர்க்கம், ஆனால் அந்த மணி! அடுத்து வந்தவனும் அதையே எழுதினான். அப்தோன் மற்ற விடுதிக்காரர்களைத் திரட்டிக்கொண்டு பாதிரியாரிடம் கிளம்பினான். உபால்தினா வாசலை மறித்தாள்.

"மணிய நிறுத்திட்டா, நான் செத்தா ஊருக்கு எப்படிய்யா தெரியும்?"

"போன்ல சேதி போட்டுருவேன். உன் போட்டோவோட."

"எந்த போட்டோ? கல்யாணத்துல கண்ண மூடிட்டு நிப்பேனே, அதா?"

"அதத்தான். செத்ததுக்கும் பொருத்தமா இருக்கும்."

அவள் கரண்டியை வீசினாள். அது என் தொப்பியைத் தட்டிவிட்டு, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு ஒத்தீலியாவின் கோழிக்கூண்டில் விழுந்தது. ஒத்தீலியா கரண்டியோடு வந்தாள்.

"அடியே உபால்தினா, இந்தாளக் கொல்றதுன்னா சொல்லிட்டுக் கொல்லு. நான் பாக்கணும்ல?"

"எனக்கு நீதான் தல வாரணும் ஒத்தீலியா. மறந்துராத. மணி இல்லேன்னாலும் வந்துரு."

"நீ போடி. நான்தான் முன்னாடி போவேன். உன் சீப்பக் கழுவி வை."

எங்கள் வழக்கம் அது. செத்த பெண்ணுக்கு உற்ற தோழிதான் தலை வார வேண்டும். துக்கமணிக்கு ஆணுக்கு ஒரு தாளம், பெண்ணுக்கு ஒரு தாளம். காதில் விழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வர வேண்டும். செத்தது யார் என்று வழியில் கேட்டுக்கொள்ளலாம். சவப்பெட்டியைத் தூக்குவது ஊர்த் தோள்தான்.

பாதிரியார் இணங்கினார். எவனாவது விளையாட்டுக்கு இழுப்பான் என்று கயிற்றையும் கூரைத் துளையோடு அறுத்து எடுத்தார். தடித்த கற்றாழை நார்க் கயிறு. அப்தோன் அதைக் கேட்டு வாங்கிவந்து துண்டு துண்டாக நறுக்கித் தூளிகளைக் கட்டினான். "கடவுள் கயித்துல வெள்ளக்காரன் ஆடுறான்டா" என்று ஊரே சிரித்தது. நான் இரண்டு பங்கு சிரித்தேன்.

அதன்பிறகு ஊரில் யாரும் சாகவில்லை. சாவுச் சேதி போனில் எப்படி வரும் என்று பார்க்கக் காத்திருந்த எனக்கு அதில்கூடக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பிறகு எறும்புக் காலம் வந்தது. மழை விட்டு வெயில் அடிக்கிற முதல் காலையில் பெருங்குண்டி எறும்புகள் புற்றைவிட்டுக் கிளம்பும். அன்றைக்கு இங்கே கல்யாண மாப்பிள்ளைகூட மோதிரம் மாட்ட நிற்க மாட்டான். பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவான். உப்புப் போட்டு வறுத்தால் அப்படி ருசி. ஒத்தீலியாவும் ஓடினாள். முழங்கால் வீங்கிய நானும், பாதிரியாரும், வைத்தியரும், அப்தோனும் உபால்தினாவும், அவர்கள் விருந்தாளிகளும்தான் ஊரில் மிச்சம்.

அன்று காலை, விருந்தாளிகளுக்குக் காப்பி வடிக்கும்போது உபால்தினா அடுப்படியில் சரிந்தாள். வைத்தியர் வந்தபோது முடிந்திருந்தது. வெயில் கொளுத்துகிறது, பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிடுங்கள் என்றார்.

அப்தோன் போனில் சேதி போட்டான். மேடுகளில் சிக்னல் கிடையாது. மலை முழுக்கச் சிதறிக் கிடக்கிற சனத்திடம், எல்லா மேட்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர மணி ஒன்றால்தான் முடியும்.

"மணிய அடிங்க சாமி" என்றான்.

"அடிப்பா. நானா வேணாங்கிறேன்? கயிறு எங்க?"

கோபுரத்துப் படிகள் எப்போதோ இடிந்துவிட்டன. கயிறில்லாமல் மணியைத் தொட முடியாது. அப்தோன் வீட்டுக்கு ஓடி, படுத்திருந்தவர்களை எழுப்பித் தூளிகளை அறுத்தான். அவர்களும் துண்டுகளை அவிழ்த்துக் கொடுத்தார்கள். கோவில் தரையில் உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாக முடிந்தோம். ஏணி வைத்து, கூரைத் துளையில் மிஞ்சிய நுனியோடு கட்டினோம். அவன் இழுத்தான்.

முடிச்சுகள் கூரைத் துளையில் சிக்கின. ஒரு முறை டங் என்றது. அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் படபடவென்று அடித்தது. உள்ளங்கை தோல் உரிகிறவரை இழுத்தான். ஆண் தாளமும் இல்லை, பெண் தாளமும் இல்லை.

"வருவாங்கடா" என்றேன். மேட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு நாய்தான் வந்தது.

நிழல் நீண்டதும் பாதிரியார் அவன் தோளைத் தொட்டார். விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண், எங்கள் பேச்சு புரியாதவள், சீப்பை எடுத்து உபால்தினாவுக்குத் தலை வாரினாள். வகிடு கோணலாக விழுந்தது. அவளோடு இருந்த பையன்கள் பெட்டியைத் தூக்கினார்கள். நல்ல பிள்ளைகள்; ஆனால் ஆளுக்கொரு உயரம். பெட்டி ஆடிக்கொண்டே போனது.

இருட்டுவதற்குமுன் திரும்பினோம். அப்தோன் முற்றத்தில், தூளி இல்லாத தூண்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் நின்றேன். வாயில் ஒரு பொய்கூட வரவில்லை.

தெருவில் சிரிப்புச் சத்தம். ஊர் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் ஒத்தீலியா, எறும்புப் பை நிறைய, கையெல்லாம் கடிபட்டு வீங்கி, வாசலில் நின்று கத்தினாள்:

"அடியே உபால்தினா! மேட்டுல அத்தன பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். என்ன கூத்துடி அது, வெள்ளக்காரனுங்க கையில மணியக் குடுத்துட்டீங்களா? சட்டிய அடுப்புல வை, வந்துட்டேன்!"